கொம்புக்குப் பத்துக்குப் பத்து, தாடைக்கு முட்டை

கொழும்பில் காட்டுச் செம்மறியின் மண்டையோடு தேடித் திரிகிறவர்கள் என்னைத் தவிர நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொம்பனித்தெருப் பக்கம் பழைய கதிரை, மேசை, கிராமபோன் எல்லாம் விற்கிற ஒரு கடை இருக்கிறது. மண்டையோட்டைப் பலகையில் பொருத்துகிற வேலையில் அவர்களை அடிக்க ஆளில்லை. ஆனால் அவர்கள் துப்புரவாக்கி, மினுக்கி, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருப்பதை மட்டும் வாங்காதீர்கள். பின்பக்கத்து அறையில் தூசி படிந்து கிடப்பதைக் காட்டச் சொல்லுங்கள். விலையும் குறைவு, சாமானும் உள்ளபடியே இருக்கும்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், முதலாளியோ தங்கமான மனிதர்.

நான் வெள்ளவத்தையில் செயற்கைப் பல் செய்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மாலை வரை முன்பின் தெரியாதவர்களின் தாடை அச்சுகளைத்தான் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் மண்டையோடு சேர்க்கத் தொடங்கினேன். ஆடு, பன்றி, சீலா மீன் என்று சந்தையில் கிடைத்தவைதான் முதலில். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்காக இல்லை. அம்மாவின் வார்த்தையில் சொன்னால் அழகு என்று அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பிராணி என்ன தின்றது, எத்தனை வயது வரை இருந்தது, எந்தப் பக்கமாக மென்றது என்று எலும்பில் பார்த்துச் சொல்ல முடிகிறதே, அதற்காக.

இலங்கையில் காட்டுச் செம்மறி கிடையாது. ஒருகாலத்திலும் இருந்ததில்லை. அதனால் இங்கே அகப்படுகிற எந்த மண்டையோடும் வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்ததுதான், பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார். இதுவும் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பங்களாவைக் காலி செய்தபோது வந்தது என்றார் முதலாளி. பங்களாச் சாமான்களை மொத்தமாக வாங்கிய பற்றுச்சீட்டையும் கேட்காமலே எடுத்துக் காட்டினார். கேட்ட விலை 55,000 ரூபாய். 42,000க்கு முடிந்தது.

அது ஒரு யூரியல் கடா. ஈரானின் வடகிழக்கிலிருந்து துர்க்மெனிஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஊடாக லடாக் வரை மலையடிவாரங்களில் வாழ்கிற காட்டுச் செம்மறி. மற்றக் காட்டுச் செம்மறிகளில் அர்காலியின் கொம்பு இதைவிட மிகப் பெருத்தது, முஃப்லோனின் கொம்பில் இவ்வளவு எடுப்பான மடிப்புகள் வராது. யூரியலின் கொம்பில் முன்பக்கம் குறுக்கே வரிவரியாக மடிப்புகள் நெருங்கி ஓடும், குறுக்குவெட்டு முக்கோணமாக இருக்கும். வெள்ளாடு இல்லை என்பதற்கு அடையாளம் கண்குழிக்கு முன்னால் எலும்பில் இருக்கிற சின்னப் பள்ளம். உயிரோடு இருக்கும்போது அந்த இடத்தில் ஒரு சுரப்பி இருக்கும். வெள்ளாட்டுக்கு அது இல்லை. கடையில் எதை எடுத்தாலும் நான் முதலில் விரல் நுனியை வைத்துப் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். பலகை, பழைய பலா மரக் கதவு நிலையொன்றிலிருந்து அறுத்தது. ஆணித் துளைகளை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். விளிம்பில் வேண்டாத பூவேலை ஒன்றும் இல்லை. மண்டையோட்டைப் பிடித்திருப்பது பித்தளைத் தகடு ஒன்று. பலகையிலிருந்து புறப்பட்டு, வளைந்து, முள்ளந்தண்டு வந்து சேர்கிற பின்பக்கத் துளைக்குள் போய் நிற்கிறது. தகட்டின் நுனியில் தோல் துண்டு ஒட்டியிருக்கிறது, எலும்பு உராயாமல் இருக்க. எலும்பில் ஒரு திருகாணிகூட ஏறவில்லை. இரண்டு கையாலும் கொம்பின் அடியைப் பிடித்து மேலே தூக்கினால் மண்டையோடு கழன்று கைக்கு வந்துவிடும். பார்த்துவிட்டு மறுபடி மாட்டலாம்.

இது சின்ன விஷயமில்லை. பழைய வேட்டைக்காரர்கள் நெற்றி எலும்பைக் குறுக்காக அறுத்து, கொம்போடு சேர்ந்த மேல்துண்டை மட்டும் பலகையில் முடுக்கிவிடுவார்கள். முகமும் பல்லும் குப்பைக்குப் போய்விடும். லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த ரோலண்ட் வோர்ட் 1892இல் கொம்பு அளவுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடத் தொடங்கிய பிறகு, கொம்பு எத்தனை அங்குலம் என்பதுதான் அவர்களுக்குப் பேச்சு. எங்கள் முதலாளியும் அந்தப் பரம்பரைதான். நான் கேட்க முன்னரே அளவுநாடாவை எடுத்து வளைவோடு பிடித்து, "29 அங்குலம் தங்கச்சி, சும்மா சாமான் இல்ல" என்றார். அரை அங்குலம் கூட்டித்தான் சொன்னார், பரவாயில்லை.

இந்தப் பித்தளை வேலையைச் செய்த பாஸ், அதாவது கைவேலைக்காரர், கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறார். வயதானவர், அதிகம் கதைக்க மாட்டார். மண்டையோடு உங்களுடையதாக இருந்தாலும் பொருத்தித் தருவார், கூலி பலகையின் மரத்தைப் பொறுத்தது. என்னுடையது கொம்போடு சேர்த்து நான்கு கிலோவுக்குக் கிட்ட வரும். சீமெந்துச் சுவரில் ரோல் பிளக் போட்டு இரண்டு திருகாணியில் தொங்குகிறது. அமெரிக்க பிக்ஹோர்ன் கடாவின் கொம்புச் சோடி 14 கிலோ வரை போகும், அதன் உடம்பிலுள்ள மற்ற எலும்பெல்லாம் சேர்ந்த பாரம். அப்படியொன்றை இந்தச் சுவரில் மாட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, இனிக் குறைகள்.

கொம்பு இரண்டும் கண்ணாடிமாதிரி மினுங்கின. கதிரைக்கு அடிக்கிற அரக்குப் பொலிஷைக் கடைப் பொடியன்கள் கொம்புக்கும் அடித்திருந்தார்கள், ஒரு பூச்சு அல்ல, பல பூச்சு. செம்மறிக் கொம்பு மான் கொம்பைப்போல வருடாவருடம் விழுந்து முளைப்பதில்லை. உள்ளே எலும்புத் தண்டு, அதன் மேல் நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினாலான உறை. அடியிலிருந்து வளர்ந்துகொண்டே போகும். குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்கிறபோது உறையில் ஒரு கோடு விழும். அதை எண்ணினால் வயது. பொலிஷ் அந்தக் கோடுகளுக்குள் இறங்கி, காய்ந்து, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கியிருந்தது.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, உள்ளங்கையளவு இடமாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஊற்றி ஊறவைக்கக் கூடாது, கெரட்டின் உலர்ந்து வெடிக்கும். எலும்பில் பட விடவும் கூடாது. பஞ்சு தேநீர் நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. மினுக்கம் போக, கீழே மங்கலான மஞ்சள் கலந்த பழுப்பு. அதில் முன்பக்க மடிப்புகளுக்கு நடுவே சில பள்ளங்கள் மட்டும் கறுப்பாக, ஒடுக்கமாக, கொம்பைச் சுற்றி முழுதாக ஓடின. அவைதான் வருடக் கோடு. மற்ற மடிப்புகள் பின்பக்கம் போகும்போது மங்கிவிடும், வருடக் கோடு மங்காது. ஆகவே எண்ணுவதென்றால் கொம்பின் பின்பக்கத்தில் எண்ணுங்கள். வலது கொம்பில் ஏழு. இடது கொம்பிலும் ஏழு. நுனி தேய்ந்திருப்பதால் குட்டிப் பருவத்துக் கோடு ஒன்று போயிருக்கலாம். நுனிப்பக்கத்து வருடங்கள் அகலம், அடிப்பக்கம் வரவர ஒடுக்கம். கடா முதிர முதிரக் கொம்பு வளர்வது குறையும். நாலாவது கோட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மட்டும் வழக்கத்தைவிட ஒடுக்கம். பஞ்சமோ நோயோ, ஏதோ ஒரு கெட்ட வருடம்.

இவ்வளவையும் பொலிஷுக்குக் கீழே மூடி வைத்துத்தான் விலையைக் கூட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது தாடை. கடையில் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பித்தளைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், உள்ளே பார்க்க வழியில்லை. வீட்டில் கம்பியை வெட்டினேன். மேல் கடைவாய்ப் பற்கள் நன்றாகத் தேய்ந்திருந்தன. செம்மறியின் கடைவாய்ப் பல்லில் எனாமல் பிறை பிறையாக நிற்கும், வயதாக வயதாக அந்தப் பிறைகள் தேயும். இதில் முதல் கடைவாய்ப் பல்லின் உட்பிறை மறைந்தே போயிருந்தது. ஏழு வருடக் கொம்புக்குப் பொருத்தமான பல். கீழ்த்தாடையைத் திருப்பினால் மூன்றாவது கடைவாய்ப் பல் இன்னும் எலும்புக்குள்ளேயே இருக்கிறது! அதற்கு முன்னால் மூன்று மடலோடு ஒரு பால் பல். ஆட்டுக்கும் செம்மறிக்கும் கீழ்த்தாடைப் பால் பற்களில் கடைசிப் பல்லில்தான் இப்படி மூன்று மடல் இருக்கும், இரண்டு வயதையொட்டி அது விழுந்து வேறு பல் வரும். ஆக, ஏழு வயதுக் கடாவுக்கு இரண்டு வயது நிரம்பாத குட்டியின் தாடையைக் கட்டியிருக்கிறார்கள்.

தாடையின் பின்மூலையில் கத்தி இறங்கிய தழும்பு ஒன்று, நேராக, கூர்மையாக. இறைச்சிக்கடை வெட்டுக்கத்தி. நீளமும் போதவில்லை. முன்பக்கம் மேலெலும்போடு சரிவர நிற்கட்டும் என்று தாடையை முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள், அதனால் மூட்டு அதன் குழிக்குள் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒருவர் பல் செட்டை இப்படி முடித்து அனுப்பினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மேல்தாடையின் முன்பக்கம் பல்லே இல்லையே, விழுந்துவிட்டதா என்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். விழவில்லை. ஆடு, மாடு, செம்மறி எதற்கும் மேலே வெட்டும் பல் கிடையாது, தடித்த முரசு மட்டும்தான். கீழே இருக்கிற எட்டுப் பல்லும் அந்த முரசோடு சேர்த்துப் புல்லைப் பிடித்து இழுக்கும். நல்ல வேளை, கடைக்காரர்கள் மேலே பல் ஒட்டவில்லை.

ஆனால் எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது பொலிஷாலும் இல்லை, தாடையாலும் இல்லை. பொலிஷைத் துடைத்துவிட்டேன், தாடையைக் கழற்றிவிட்டேன். மண்டையோட்டின் பின்பக்கம், பிடரி எலும்பில், தீப்பெட்டியளவில் ஒரு சதுரம் மட்டும் வெளிறி இருந்தது. சுற்றிலும் காலத்தால் மஞ்சளித்த எலும்பு, நடுவில் அந்தச் சதுரம். ஓரத்தில் காய்ந்த பசை. அங்கே ஒரு கடதாசி இருந்திருக்கிறது. முதலாளியிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஓம் தங்கச்சி, ஏதோ பழைய கடதாசி, கறை பிடிச்சு அசிங்கமா இருந்திச்சு. பொடியன்மார் ஈரத்துணியால துடைச்சு எடுத்துட்டாங்க."

அந்தக் கடதாசியில் எந்த மலை, எந்த மாதம், எந்த வருடம் என்று இருந்திருக்கும். சிந்து நதிக்கும் ஜீலத்துக்கும் நடுவிலுள்ள பஞ்சாப் உப்புமலைத் தொடரில் வெள்ளைக்கார அதிகாரிகள் யூரியல் வேட்டைக்கு அடிக்கடி போனார்கள். இது அங்கே சுட்டதாக இருக்கலாம். ஆப்கானிஸ்தானாகவும் இருக்கலாம். எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. இடம் தெரியாத மண்டையோட்டை எந்த நூதனசாலைக்குக் கொடுத்தாலும் காட்சிக்கு வைக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. இந்த விஞ்ஞானமே அப்படித்தான் நடந்திருக்கிறது. பாமீர் மலையில் ஒக்ஸஸ் நதியின் மூலத்தைத் தேடிப்போன ஜோன் வுட் என்கிற கடற்படை அதிகாரி 1838இல் அங்கேயிருந்து பெரிய கொம்புகள் கொண்டுவந்தார். எட்வர்ட் பிளைத் என்கிற விலங்கியலாளர் அந்தப் பிராணியை உயிரோடு பார்த்ததே இல்லை. அந்தக் கொம்புகளையும் அவை வந்த இடத்தையும் வைத்துத்தான் 1841இல் அதற்கு மார்கோ போலோவின் பெயரை வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ பாமீரில் பார்த்ததாகச் சொன்ன பெரிய கொம்புச் செம்மறி அதுதான். யூரியலுக்குப் பயணி வைன் என்பவரின் பெயரை வைத்து விஞ்ஞானப் பெயர் கொடுத்ததும் அதே பிளைத், அதே வருடம். பிளைத்தின் கைக்கு அந்தக் கொம்புகள் ஈரத்துணியால் துடைத்து, பொலிஷ் அடித்து, எங்கே கிடைத்தது என்று தெரியாமல் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

பராமரிப்புப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கொழும்பு ஈரத்தில் இது சாதாரண வேலை இல்லை. வாங்க முன் கொம்பை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு மேலே பிடித்து மெதுவாகத் தட்டுங்கள். பழுப்புத் தூளும் மயிர் முளைத்த சிறு தோல்களும் விழுந்தால் உறைக்கும் தண்டுக்கும் நடுவே வண்டுப் புழு குடியிருக்கிறது. எனக்கு விழுந்தது. நப்தலின் உருண்டை வைத்தால் வீடு நாறும், உள்ளே இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. நூதனசாலைகளில் செய்வதுபோல உறைகுளிரில் வைப்பதுதான் வழி. காற்றை நன்றாக வெளியேற்றி இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, மறை 18 அல்லது 20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் எலும்பு வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இவ்வளவு பெரிய கொம்பு நுழையாது. சித்தப்பாவின் கடையிலிருக்கிற பெரிய ஐஸ் பெட்டியில், அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சித்தி இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

எலும்பைக் கடை நன்றாகத்தான் வைத்திருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். குளோரின் போடவில்லை. போட்டிருந்தால் விரலால் தேய்க்கும்போது சுண்ணாம்புமாதிரி வெள்ளைத் தூள் கையில் வரும். இது வழவழப்பாக, தந்த நிறத்தில் இருக்கிறது. கடற்பக்கம் பார்த்த சுவரில் மட்டும் மாட்டாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் நாட்டு மரை, மான் கொம்பு, சிறுத்தை மண்டையோடு எதையாவது யாராவது நீட்டினால் தொடாமல் வெளியே வாருங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, நீதிமன்ற அலைச்சல் யாருக்கு வேண்டும்? வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முதலே அனுமதி எடுக்க வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1979இலேயே சேர்ந்துவிட்டது, யூரியலும் அர்காலியும் அதன் அட்டவணைகளில் இருக்கின்றன. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பொதியில் வரவழைத்தால் சுங்கத்தில் நிற்கும். உள்ளூரில் பழையதை வாங்கும்போதும் எங்கே இருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசியாவது வாங்கி வையுங்கள். இந்தக் கடை அதில் சுத்தம்.

உண்மையான எலும்பு வேண்டாம் என்கிறவர்களுக்கு ரெசின் வார்ப்புகள் இருக்கின்றன. அசல் மண்டையோட்டில் அச்செடுத்ததாக இருந்தால் படிப்பதற்கு மோசமில்லை. அலங்காரச் சாமான் கடைகளில் விற்கிறதை வாங்காதீர்கள். இரண்டு கொம்பும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கும், பற்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டி.

தாடையை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். "நாநா, இது இந்தக் கடாட தாடை இல்ல, ஆட்டிறைச்சிக் கடைத் தாடை" என்று மூன்று மடல் பல்லைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்தார். "என்ன தங்கச்சி செல்லுறீங்க, பல்லப் பாத்தே வயசு செல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் 4,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். பங்களாவிலிருந்து வரும்போதே கீழ்த்தாடை இருக்கவில்லையாம், தாடை இல்லாத தலையை ஆட்கள் வாங்குவதில்லையாம். பிறகு தேநீர் வந்தது. தன்னுடைய பல் செட் ஒன்று ஆடுகிறது என்று அதையும் கழற்றிக் காட்டினார்.

பின்பக்க அறையில் இன்னொரு தலை கிடக்கிறது. "நீலச் செம்மறி" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அது பரல், இமயமலைப் பிராணி. கண்ணுக்கு முன்னால் அந்தப் பள்ளம் இல்லை, கொம்பு மடிப்பில்லாமல் வழவழப்பாக வெளிப்பக்கம் விரிந்து போகிறது. பெயரில் செம்மறி இருந்தாலும் வெள்ளாட்டுக்குத்தான் கிட்ட. முக்கியமான விஷயம், பிடரியில் கடதாசி இருக்கிறது, பழுப்பு மையில் ஊரும் வருடமும் வாசிக்கிற மாதிரி. கீழ்த்தாடை இல்லை. விலை 30,000 சொன்னார், துடைக்காமல், பொலிஷ் அடிக்காமல் கொடுத்தால் 26,000க்குத் தருவார். எனக்கு இந்த மாதம் கையில் காசில்லை. வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் கடை பூட்டு, மற்ற நாட்களில் பத்து மணிக்குப் பிறகுதான் திறப்பார்கள். பாஸைச் சந்திக்க வேண்டுமென்றால் பகல் சாப்பாட்டுக்கு முன்னரே போங்கள்.